கட்டிசூழ் கொழுப்பு: படமெடுப்புக் கலை கற்பிப்பவை



மார்பகப் புற்றுக்கட்டியைச் சூழ்ந்திருக்கும் கொழுப்பின் கூறுகளைப் படமெடுத்து அறிவது எப்படி, அறிவதால் ஆவது என்ன என்பதே இன்றைய பொழிவின் பொருள். மொழிக்கென அமைந்த மேடையில் மருத்துவ இயற்பியலுக்கு என்ன இடம் என்று உங்களுள் சிலர் எண்ணக்கூடும். அதற்கு இரண்டு காரணங்களைச் சொல்வேன். சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் பெண்களுக்கு மிகுதியாக வரும் புற்றுநோய் மார்பகப் புற்றுநோயே. சிங்கப்பூரில் ஏறத்தாழப் பதின்மூன்று பெண்களில் ஒருவருக்கு வாழ்நாளில் இந்நோய் வரக்கூடும் என்று புற்றுநோய்ப் பதிவேடு கணக்கிடுகின்றது. இந்த அவையில் இருப்போரில், இந்நோயைக் குடும்பத்திலோ நட்பு வட்டத்திலோ காணாதவர் சிலரே இருப்பர். இது முதற்காரணம்.

வீட்டில் பேசும் மொழியில் ஒரு நோயைப் பற்றிப் பேச இயலாவிடில், அந்நோயைப் பற்றிய கேள்வியும் அம்மொழியில் எழுவதில்லை. கேள்வி எழாத வீட்டில் மருத்துவரிடம் செல்லும் நாள் தள்ளிப்போகின்றது. இது இரண்டாவது காரணம். ஆகவே, அறிவியலில் ஒரு நுட்பமான பகுதியைத் தமிழிலேயே தொடக்கம் முதல் இறுதிவரை விளக்கிச் சொல்ல முடியுமா என்று பார்ப்பதும் இப்பொழிவின் நோக்கமாகும்.

கொழுப்பு என்னும் சொல்

தமிழில் கொழுப்பு என்ற சொல்லுக்கு நற்பெயர் இல்லை. "அவனுக்குக் கொழுப்பு அதிகம்" என்றால் அது உடலைப் பற்றிய பேச்சன்று. செருக்கைப் பற்றிய பேச்சு. இக்காலத்து உணவுக் குறிப்புகளிலும் கொழுப்பு என்பது விலக்கவேண்டிய ஒன்றாகவே எழுதப்படுகின்றது. ஆனால் நம் மரபு முழுவதும் அவ்வாறு கருதியதில்லை. சித்த மருத்துவம் உடலைத் தாங்கும் தாதுக்கள் ஏழு என வகுத்து, சாரம், செந்நீர், ஊன் என்பவற்றை அடுத்து நான்காவதாகக் கொழுப்பை வைத்தது. என்பும் மூளையும் அதற்குப் பின்னரே வருகின்றன. நிணம் என்ற பழஞ்சொல்லும் கொழுப்பைக் குறித்தது. கொழுப்பை உடலின் கழிவாகக் கருதாமல் உடலைக் கட்டும் பொருள்களுள் ஒன்றாகக் கருதிய பார்வை அது.

அண்மைக்கால உயிரியலும் வேறு வழியில் அதே இடத்திற்கு வந்து சேர்ந்திருக்கின்றது. 1994ஆம் ஆண்டு நியூயார்க்கில் ஜெஃப்ரி ஃபிரீட்மன் குழுவினர் லெப்டின் என்னும் இயக்குநீரின் மரபணுவைக் கண்டறிந்தனர். அவ்வியக்குநீரைச் சுரப்பது கொழுப்புத் திசு. பசி எவ்வளவு என்பதை மூளைக்கு உணர்த்தும் செய்தி கொழுப்பிலிருந்து புறப்படுகின்றது என்பது அப்போது தெளிவாயிற்று. அதன்பின் கொழுப்பை எரிபொருட் கிடங்கு என்று மட்டும் சொல்ல முடியாமற்போயிற்று. அது ஒரு சுரப்பியுமாகும்.

மார்பகத்தில் கொழுப்பு: ஒரு முரண்

மார்பகம் பாற்சுரப்பித் திசு, அதைத் தாங்கும் நார்த்திசு, இவற்றிடையே நிறைந்த கொழுப்புத் திசு ஆகிய மூன்றாலும் ஆனது. இவற்றின் விகிதம் பெண்ணுக்குப் பெண் வேறுபடும்; வயதோடும் மாறும். முதுமையில் சுரப்பித் திசு குறைந்து கொழுப்பின் பங்கு கூடுவது இயல்பு.

1895இல் ரோண்ட்கன் ஊடுகதிரைக் கண்டுபிடித்தார். 1913இல் பெர்லின் அறுவை மருத்துவர் ஆல்பர்ட் சாலமன், அறுவையில் நீக்கப்பட்ட ஏறத்தாழ 3,000 மார்பகங்களை ஊடுகதிரால் படமெடுத்து, புற்றுக்கட்டி படத்தில் எவ்வாறு தோன்றும் என ஆராய்ந்தார். 1960இல் ஹியூஸ்டனில் ராபர்ட் ஈகன் செப்பமான படங்களைத் தரும் முறையை வெளியிட்ட பின்னர், மேமோகிராம் எனப்படும் மார்பக ஊடுகதிர்ப் படம் மருத்துவமனைகளில் பரவத் தொடங்கியது.

அப்படத்தில் கொழுப்பு கருமையாகத் தோன்றும். சுரப்பித் திசுவும் நார்த்திசுவும் வெண்மையாகத் தோன்றும். கட்டியும் வெண்மையே. எனவே கொழுப்பு மிகுந்த மார்பகத்தில் கட்டி கரிய வானத்து நிலவுபோல் தெளிவாகத் தெரியும். அடர்த்தி மிகுந்த மார்பகத்திலோ வெண்மேகத்துக்குள் வெண்ணிலவு மறைவதுபோல் அது மறைந்துவிடும். ஆசியப் பெண்களிடையே அடர்ந்த மார்பகம் மிகுதி என்பதால் நம் நாடுகளில் இது சிறிய சிக்கலன்று. அடர்த்தி கட்டியை மறைப்பதோடு நோய் வரும் வாய்ப்பையும் கூட்டுகின்றது. அமெரிக்க மருத்துவர் ஜான் உல்ஃப் 1976இல் இத்தொடர்பை எடுத்துக்காட்டினார். பின்வந்த பெரிய ஆய்வுகள் அதை உறுதிப்படுத்தின.

இதிலிருந்து, மார்பகத்தில் கொழுப்பு மிகுதியாக இருப்பது நன்று என்ற முடிவுக்கு ஒருவர் வரலாம். ஆனால் மற்றோர் உண்மை குறுக்கே நிற்கின்றது. மாதவிடாய் நின்ற பின்னர், உடற்பருமன் மிகுந்த பெண்களுக்கு மார்பகப் புற்றுநோய் வரும் வாய்ப்புக் கூடுகின்றது. மாதவிடாய் நிற்பதற்கு முன்னுள்ள வயதில் அவ்வாறில்லை. உடற்பருமன் உடையோரிடம் இந்நோய் சற்றுக் குறைவாகவே காணப்படுகின்றது. ஒரே கொழுப்பு ஓரிடத்தில் காவலாகவும் மற்றோரிடத்தில் துணைக்குற்றவாளியாகவும் தோன்றுவது ஏன்? கொழுப்பு எவ்வளவு என்னும் கேள்வி மட்டும் இம்முரணை விளக்கப் போதாது. எத்தகைய கொழுப்பு, எங்கே இருக்கும் கொழுப்பு, அது என்ன செய்துகொண்டிருக்கின்றது என்ற கேள்விகளும் வேண்டும்.

கட்டியும் அதன் அயலாரும்

மாதவிடாய் நின்றபின் சூலகம் ஈஸ்ட்ரோஜன் சுரப்பதைப் பெரும்பாலும் நிறுத்திவிடுகின்றது. அதன்பின் அவ்வியக்குநீர் உருவாகும் முதன்மையான இடங்களுள் ஒன்று கொழுப்புத் திசு. அங்குள்ள அரோமட்டேஸ் என்னும் நொதி, ஆண்பால் இயக்குநீர் வகையைச் சேர்ந்த பொருள்களை ஈஸ்ட்ரோஜனாக மாற்றுகின்றது. மார்பகக் கட்டிகளில் பெரும்பாலானவை ஈஸ்ட்ரோஜனால் வளர்பவை. அந்நொதியைத் தடுக்கும் லெட்ரொசோல், அனஸ்ட்ரொசோல் போன்ற மருந்துகள் இன்று பல்லாயிரம் பெண்களுக்குத் தரப்படுகின்றன. கொழுப்புத் திசுவில் நடக்கும் ஒரு வேதிவினையைத் தடுத்தே அவர்களது நோய் கட்டுப்படுத்தப்படுகின்றது என்று சொன்னால் அது மிகையாகாது.

கட்டியை ஒட்டியிருக்கும் கொழுப்பணுக்களின் நிலை இன்னும் வியப்பானது. இயல்பான கொழுப்பணு ஒரு பெரிய கொழுப்புத் துளியைத் தன்னுள் தாங்கியிருக்கும். உட்கரு ஓர் ஓரத்திற்குத் தள்ளப்பட்டிருக்கும். புற்றுக்கட்டியின் விளிம்பை ஒட்டியவையோ சுருங்கி, தம் கொழுப்பை இழந்து காணப்படுகின்றன. பிரான்சின் துலூஸ் நகர ஆய்வாளர்கள் 2011இல் வெளியிட்ட ஆய்வில், புற்றணுக்களுடன் சேர்த்து வளர்க்கப்பட்ட கொழுப்பணுக்கள் இவ்வாறே கொழுப்பை இழந்ததையும், அழற்சியைத் தூண்டும் பொருள்களை வெளியிட்டதையும், அவற்றின் அருகே புற்றணுக்கள் மேலும் ஊடுருவும் தன்மை பெற்றதையும் காட்டினர். கொழுப்பணுவிலிருந்து விடுபடும் கொழுப்பமிலங்களைப் புற்றணு உள்வாங்கி, எரிபொருளாகவும் புதிய அணுச்சவ்வைக் கட்டும் பொருளாகவும் பயன்படுத்துகின்றது. தானே கொழுப்பமிலங்களைப் புதிதாக உருவாக்கிக்கொள்ளும் ஆற்றலும் பல புற்றணுக்களுக்கு உண்டு.

ஆக, கட்டிக்கும் அதன் அயலாருக்கும் இடையே கொடுக்கல் வாங்கல் நடக்கின்றது. கட்டியைச் சூழ்ந்த இக்கொழுப்பைக் 'கட்டிசூழ் கொழுப்பு' என்று சொல்லலாம் எனக் கருதுகிறேன். கடல்சூழ் நாடு என்று சொல்லிப் பழகிய நாவுக்கு அது அயலாக ஒலிக்காது. அந்தக் கொடுக்கல் வாங்கலின் தடம் கொழுப்பின் வேதிக்கூறுகளில் பதிந்திருக்குமானால், கத்தியின்றி, ஊசியின்றி, வெளியிலிருந்தே அதைப் படிக்க முடியுமா என்பதே ஆய்வாளர்களின் கேள்வி.

நேர்ச்சங்கிலியும் வளைந்த சங்கிலியும்

எதைப் படிக்க முயல்கிறோம் என்பதை அறிய அடுக்களைக்குள் செல்வோம். தேங்காயெண்ணெயைக் குளிர்பெட்டியில் வைத்தால் வெண்மையாக உறைகின்றது. நல்லெண்ணெய் அங்கேயும் நீர்மமாகவே இருக்கின்றது. இரண்டும் கொழுப்புத்தான். இரண்டிலும் ஒரு கிளிசரால் மூலக்கூற்றோடு மூன்று கொழுப்பமிலச் சங்கிலிகள் இணைந்திருக்கின்றன. வேறுபாடு அச்சங்கிலிகளின் அமைப்பில் இருக்கின்றது.

கொழுப்பமிலம் என்பது கரிம அணுக்கள் வரிசையாகக் கோக்கப்பட்ட சங்கிலி. ஒவ்வொரு கரிமமும் தாங்கக்கூடிய அளவுக்கு ஹைட்ரஜனைத் தாங்கியிருந்தால் அது நிறைவுற்ற கொழுப்பமிலம். சங்கிலி நேராக நிற்கும். ஒன்றோடொன்று நெருங்கி அடுக்க முடியும். ஆகவே எளிதில் உறையும். தேங்காயெண்ணெயில் பத்தில் ஒன்பது பங்கு இத்தகையது. சங்கிலியின் ஓரிடத்தில் இரண்டு ஹைட்ரஜன்கள் குறைந்து, இரு கரிமங்களுக்கிடையே இரட்டைப் பிணைப்பு அமைந்தால், அவ்விடத்தில் சங்கிலி வளையும். இது ஒற்றை நிறைவுறாக் கொழுப்பமிலம். ஒலெயிக் அமிலம் இதற்குச் சான்று. இரண்டு அல்லது மேற்பட்ட இரட்டைப் பிணைப்புகள் இருந்தால் அது பன்மை நிறைவுறாக் கொழுப்பமிலம். லினோலெயிக் அமிலம் இவ்வகை. நல்லெண்ணெயில் இவ்விரண்டும் ஏறத்தாழச் சம அளவில் உள்ளன. நம் வட்டாரத்துச் செம்பனை எண்ணெயில் நிறைவுற்றவை ஏறத்தாழப் பாதி. எஞ்சியவற்றில் பெரும்பங்கு ஒலெயிக் அமிலம்.

'நிறைவுற்ற', 'நிறைவுறாத' என்ற சொற்களைக் கேட்ட அளவில், எதுவோ நிறைந்திருக்கின்றது, எதுவோ குறைந்திருக்கின்றது என்று தமிழ் மாணவர் உணர்வர். நிறைந்திருப்பது ஹைட்ரஜன் என்று ஆசிரியர் ஒரு சொல் சேர்த்தால் போதும். இது நம் மொழிக்குள்ள வசதி. வகுப்பறையில் இதைப் பயன்படுத்திக்கொள்ள வேண்டும்.

மனித உடலின் கொழுப்பில் மிகுதியாக உள்ளது ஒலெயிக் அமிலமே. நிறைவுற்ற பால்மிட்டிக் அமிலமும், பன்மை நிறைவுறா லினோலெயிக் அமிலமும் அடுத்த நிலைகளில் வருகின்றன. லினோலெயிக் அமிலத்தை நம் உடல் உண்டாக்க இயலாது, உணவிலிருந்தே பெறவேண்டும். நாம் உண்பதும், நம் உடல் உண்டாக்குவதும், கட்டி எடுத்துக்கொள்வதும் ஆகிய மூன்றும் சேர்ந்தே ஓரிடத்துக் கொழுப்பின் கூறுகளைத் தீர்மானிக்கின்றன.

சுருதி சேர்த்தலும் காந்த ஒத்ததிர்வும்

இனிப் படமெடுப்புக் கலைக்கு வருவோம். எம்ஆர்ஐ என்று நாம் அறிந்திருக்கும் காந்த ஒத்ததிர்வுப் படமெடுப்பின் வேர் 1946இல் இருக்கின்றது. அவ்வாண்டில் ஃபெலிக்ஸ் பிளாக், எட்வர்ட் பர்செல் ஆகியோர் தனித்தனியே அணுக்கருக் காந்த ஒத்ததிர்வை வெளிப்படுத்தினர். 1952இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர். 1973இல் பால் லாட்டர்பர் அந்நிகழ்வைப் படமாக்கும் வழியைக் காட்டினார். பீட்டர் மான்ஸ்ஃபீல்டுடன் 2003இல் அவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. ஸ்காட்லாந்தின் அபர்தீனில் ஜான் மல்லார்டின் குழுவினர் 1980ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில், முழு உடலையும் படமெடுக்கும் தம் பொறியில் நோயாளி ஒருவரைப் படமெடுத்து மருத்துவத்திற்குப் பயன்படும் விவரங்களைப் பெற்றனர். கட்டிசூழ் கொழுப்பின் கூறுகளை வரைபடமாக்கும் ஆய்வு நடந்துள்ள இடங்களுள் அதே அபர்தீனும் ஒன்று.

நம் உடலிலுள்ள ஒவ்வொரு ஹைட்ரஜன் அணுவின் கருவும் ஒரு புரோட்டான். அது ஒரு சிறு காந்தம்போல் நடந்துகொள்கின்றது. வலிய காந்தப்புலத்தில் வைத்து, ஏற்ற வானலையால் தூண்டினால், அது தனக்குரிய அதிர்வெண்ணில் சுழன்று மெல்லிய சைகையைத் திருப்பி அனுப்பும். 3 டெஸ்லா வலிமையுள்ள பொறியில், அதாவது புவியின் காந்தப்புலத்தைவிட ஐம்பதாயிரம் மடங்குக்கும் மேற்பட்ட புலத்தில், அந்த அதிர்வெண் நொடிக்கு ஏறத்தாழ 12 கோடியே 77 லட்சம் சுற்றுகள்.

எல்லாப் புரோட்டான்களும் சரியாக ஒரே அதிர்வெண்ணில் சுழல்வதில்லை. நீர் மூலக்கூற்றில் ஆக்சிஜன் எலெக்ட்ரான்களைத் தன்பால் இழுத்துக்கொள்வதால் புரோட்டானுக்குக் காப்புக் குறைவு. கொழுப்புச் சங்கிலியில் கரிமத்தோடு இணைந்த புரோட்டானைச் சுற்றி எலெக்ட்ரான் மறைப்பு மிகுதி. ஆகவே அது சற்றே மெதுவாகச் சுழல்கின்றது. வேறுபாடு பத்து லட்சத்தில் ஏறத்தாழ மூன்றரைப் பங்கு. 3 டெஸ்லாவில் நொடிக்கு 430 சுற்றுகளை ஒட்டியது.

இது எவ்வாறு பயன்படுகின்றது என்பதை இசை அறிந்தோர் எளிதில் உணர்வர். வீணையில் இரண்டு தந்திகள் ஏறத்தாழ ஒரே சுருதியில் இருந்து, மிகச் சிறிதளவு விலகியிருந்தால், அவற்றை ஒருங்கே மீட்டும்போது ஒலி விம்மியும் தணிந்தும் வரும். அந்த விம்மலின் வேகம், இரு சுருதிகளுக்கும் இடையேயுள்ள வேறுபாட்டைக் காட்டும். சுருதி சேர்ப்பவர் விம்மல் மறையும் வரை முறுக்காணியைத் திருப்புகின்றார். நீரும் கொழுப்பும் கலந்த திசுவின் சைகையிலும் இதுவே நடக்கின்றது. 3 டெஸ்லாவில் தூண்டிய பின் ஏறத்தாழ 1.15 மில்லி நொடியில் இரண்டும் எதிரெதிராக நின்று ஒன்றையொன்று குறைக்கும், 2.3 மில்லி நொடியில் மீண்டும் ஒன்றுசேர்ந்து பெருகும். இவ்விரு கணங்களிலும் படமெடுத்து, ஒன்றோடொன்று கூட்டினால் நீரின் படமும், கழித்தால் கொழுப்பின் படமும் கிடைக்கும். 1984இல் தாமஸ் டிக்சன் வெளியிட்ட இம்முறை இன்றும் அவர் பெயரால் வழங்குகின்றது.

மார்பக எம்ஆர்ஐயில் கொழுப்பின் சைகையை அடக்கிவிடுவதே வழக்கம். கடோலினியம் கலந்த ஊசிமருந்தைச் செலுத்தும்போது கட்டி ஒளிர்ந்து தோன்றும். அருகிலுள்ள கொழுப்பும் ஒளிர்ந்தால் கட்டி தெரியாது. ஆகவே கொழுப்பைப் படத்திலிருந்து அழிக்கும் உத்திகள் பல வளர்ந்தன. பல்லாண்டுகளாக அழிக்கப்பட்டுவந்த அதே சைகையைத்தான் இப்போது சிலர் படிக்க முற்பட்டிருக்கின்றனர்.

ஓர் எண்ணிக்கைப் புதிர்

கொழுப்பின் சைகை ஒற்றைச் சுரம் அன்று. பல சுரங்கள் சேர்ந்தது. சங்கிலியின் நுனியில் உள்ள புரோட்டானுக்கு ஒரு சுரம், நடுவில் உள்ளதற்கு ஒரு சுரம். இரட்டைப் பிணைப்பின்மேலேயே உள்ள புரோட்டானுக்கு வேறொரு சுரம். அது நீரின் சுரத்திற்குச் சற்று மேலே ஒலிக்கும். இரண்டு இரட்டைப் பிணைப்புகளுக்கு நடுவே அகப்பட்ட கரிமத்தின் புரோட்டானுக்குத் தனிச் சுரம். இந்தக் கடைசிச் சுரம் பன்மை நிறைவுறாக் கொழுப்பமிலத்தில் மட்டுமே எழும்.

படத்தின் ஒவ்வொரு புள்ளியிலும், பல வெவ்வேறு கணங்களில் சைகையைப் பதிவுசெய்து, அதன் விம்மலையும் தணிவையும் கணிப்பொறியில் பொருத்திப் பார்த்தால், இரண்டு எண்களை மதிப்பிடலாம். ஒரு கொழுப்பு மூலக்கூற்றில் உள்ள இரட்டைப் பிணைப்புகள் எத்தனை என்பது முதல் எண். இரட்டைப் பிணைப்புகளுக்கிடையே அகப்பட்ட 'நடு இடங்கள்' எத்தனை என்பது இரண்டாவது எண்.

மாணவர்களே, இவ்விரண்டு எண்கள் போதுமா என்று பார்ப்போம். ஒரு மூலக்கூற்றில் மூன்று சங்கிலிகள். பால்மிட்டிக், ஒலெயிக், லினோலெயிக் ஆகியவை ஒவ்வொன்று எனக் கொள்வோம். பால்மிட்டிக்கில் இரட்டைப் பிணைப்பு இல்லை, ஒலெயிக்கில் ஒன்று, லினோலெயிக்கில் இரண்டு. கூட்டினால் மூன்று. நடு இடமோ லினோலெயிக்கில் மட்டும் ஒன்று. இப்போது விடையை மறந்துவிட்டு, மூன்று, ஒன்று என்ற இரண்டு எண்களை மட்டும் வைத்துக்கொண்டு பின்னோக்கிச் செல்லுங்கள். நடு இடம் ஒன்று என்றால், பன்மை நிறைவுறாச் சங்கிலி ஒன்று. அது இரண்டு இரட்டைப் பிணைப்புகளை எடுத்துக்கொண்டிருக்கும். மூன்றிலிருந்து இரண்டைக் கழிக்க எஞ்சுவது ஒன்று. ஆகவே ஒற்றை நிறைவுறாச் சங்கிலி ஒன்று. மொத்தச் சங்கிலி மூன்றில் இரண்டைக் கழிக்க எஞ்சிய ஒன்று நிறைவுற்றது. உயர்நிலைப்பள்ளிக் கணக்கைவிடக் கடினமான எதுவும் இதில் இல்லை. பன்மை நிறைவுறாச் சங்கிலிகள் எல்லாவற்றிலும் இரண்டே இரட்டைப் பிணைப்புகள் உள்ளன என்று எளிமைப்படுத்திக்கொள்கிறோம். லினோலெயிக் அமிலமே அவ்வகையில் மிகுதி என்பதால் அது பெரும்பாலும் பொருந்துகின்றது.

இவ்வாறு ஒவ்வொரு புள்ளிக்கும் மூன்று பங்குகளைக் கணக்கிட்டு வண்ணமிட்டால், மார்பகத்தில் எந்த இடத்தில் எவ்வகைக் கொழுப்பு எவ்வளவு என்னும் வரைபடம் கிடைக்கின்றது.

காண்பவையும் எல்லைகளும்

2016இல் நியூயார்க்கிலிருந்து வெளிவந்த ஆய்வொன்று இத்தகைய முறையால் பெண்களின் மார்பகக் கொழுப்பை ஒப்பிட்டது. மாதவிடாய் நின்ற பெண்களில், ஊடுருவும் நாளப் புற்றுநோய் உடையோரிடம் ஒற்றை நிறைவுறாக் கொழுப்பமிலத்தின் பங்கு குறைவாகவும் நிறைவுற்றதன் பங்கு மிகுதியாகவும் இருந்தன. நோயற்ற திசுவை உடையோரோடு ஒப்பிட்டுப் பெற்ற முடிவு இது. ஒலெயிக் போன்ற அமிலங்களைக் கட்டி மிகுதியாக எடுத்துக்கொள்கின்றதோ என்ற ஐயத்தை இது எழுப்புகின்றது.

ஐயம் என்றுதான் சொன்னேன். ஆசிரியர்கள் இவ்விடத்தில் மாணவரை நிறுத்தி, மூன்று கேள்விகளைக் கேட்கச் செய்யவேண்டும்.

முதற்கேள்வி: எது முந்தியது? கொழுப்பின் கூறு மாறியதால் கட்டி வளர்ந்ததா, கட்டி வளர்ந்ததால் கூறு மாறியதா? ஒரே நாளில் எடுத்த படம் இதற்கு விடை தராது. ஆண்டுகள் பல தொடர்ந்து பார்த்தால்தான் சொல்ல முடியும்.

இரண்டாம் கேள்வி: சராசரியில் உள்ள வேறுபாடு தனி ஒருவருக்குப் பொருந்துமா? இரு குழுக்களின் சராசரி வேறுபட்டிருந்தாலும், இரு குழுக்களிலும் ஒத்த அளவுடையோர் பலர் இருக்கக்கூடும். ஒரு பள்ளியில் உயர்நிலை நான்கு மாணவர்கள் உயர்நிலை மூன்று மாணவர்களைவிடச் சராசரியில் உயரமானவர்கள் என்பதனால், உயரத்தை மட்டும் பார்த்து ஒரு மாணவரின் வகுப்பைச் சொல்லிவிட முடியாது.

மூன்றாம் கேள்வி: அளவீடு எவ்வளவு நம்பத்தக்கது? இரட்டைப் பிணைப்பின் சுரம் நீரின் சுரத்துக்கு மிக அருகில் ஒலிக்கின்றது என்று சொன்னேன். கட்டியின் விளிம்பை நெருங்க நெருங்கக் கொழுப்புக் குறைந்து நீர் மிகுகின்றது. நீரின் பேரோசையில் அந்த மெல்லிய சுரம் அமிழ்ந்துவிடும். நாம் மிக விரும்பிக் கேட்கவேண்டிய இடத்திலேயே கேட்பது மிகக் கடினமாகின்றது. மூச்சால் ஏற்படும் அசைவும், காந்தப்புலத்தின் சீரின்மையும் இதனோடு சேர்கின்றன.

இக்காரணங்களால் இம்முறை இன்னும் ஆய்வுக்கூடத்தின் எல்லைக்குள்ளேயே இருக்கின்றது. நோயை உறுதிசெய்ய இன்றும் திசு மாதிரியை எடுத்துச் சோதிப்பதே வழி. ஆனால் நாளை இது முதிர்ந்தால் பயன் பெரிது. மார்பகக் கட்டிகள் எல்லாம் ஒரே இயல்பின அல்ல. சில விரைந்து பரவும், சில நெடுநாள் அடங்கிக் கிடக்கும். எதற்குக் கடுமையான மருத்துவம் வேண்டும், எதற்கு வேண்டா என்று முன்கூட்டி அறிய உதவும் எந்தக் குறிப்பும் ஒரு பெண்ணைத் தேவையற்ற துன்பத்திலிருந்து காக்கக்கூடும். மருத்துவம் தொடங்கிய பின், கட்டியின் அயல் மாறுகின்றதா என்று மீண்டும் மீண்டும் பார்ப்பதற்கும், ஊசியோ கதிர்வீச்சோ வேண்டாத இம்முறை ஏற்றதாக அமையும்.

கொழுப்பைப் படிக்கும் வழி இது ஒன்றே அன்று. திருச்சிராப்பள்ளியில் பிறந்த சர் சி. வி. ராமன் 1928இல் கண்டறிந்த ஒளிச்சிதறல் விளைவையும் இதற்குப் பயன்படுத்துகின்றனர். மூலக்கூறுகள் ஒளியைச் சிதறடிக்கும்போது ஒளியின் நிறத்தில் நேரும் நுண்மாற்றம், அம்மூலக்கூறு இன்னதெனக் காட்டிக்கொடுக்கும். 2005இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழக ஆய்வாளர்கள் மார்பகத் திசு மாதிரிகளை ராமன் முறையால் ஆராய்ந்து, திசுவிலுள்ள கொழுப்பு, கொலாஜன் ஆகிய இரண்டின் அளவுகளைக்கொண்டே புற்றுத் திசுவைப் பெருமளவு பிரித்தறிய முடிந்ததை வெளியிட்டனர். இரு வேறு இயற்பியல் முறைகள் கொழுப்பையே சுட்டுவது கருதத்தக்கது.

எண்ணெய்க் கடைக்கு ஓடவேண்டா

இத்தகைய ஆய்வுகள் வெளிவந்தவுடன், எந்த எண்ணெயை உண்டால் புற்றுநோய் வராது என்ற கேள்வி எழுவது இயல்பு. கட்டியின் அயலில் ஓர் அமிலம் குறைந்திருக்கின்றது என்பதிலிருந்து, அவ்வமிலத்தை மிகுதியாக உண்ணவேண்டும் என்ற முடிவும் வராது. உண்ணக்கூடாது என்ற முடிவும் வராது. உடற்கொழுப்பு ஆண்டுக்கணக்கில் மெல்ல மெல்லவே புதுப்பிக்கப்படுகின்றது. ஒரு வாரத்து உணவு மாற்றம் அதில் தெரியாது. உறுதியாகச் சொல்லத்தக்கது வேறு: மாதவிடாய் நின்றபின் உடல் எடையை அளவோடு வைத்திருப்பது இந்நோய் வரும் வாய்ப்பைக் குறைக்கும். அதற்கு விலையுயர்ந்த எண்ணெய் எதுவும் வேண்டியதில்லை.

வகுப்பறையிலிருந்து வீட்டுக்கு

நிறைவாக, மொழிக்குத் திரும்புகிறேன். மலேசியாவின் தேசியப் புற்றுநோய்ப் பதிவேட்டின் 2012 முதல் 2016 வரையிலான கணக்கில், மார்பகப் புற்றுநோய் கண்டறியப்பட்ட பெண்களில் ஏறத்தாழப் பாதிப்பேர் மூன்றாம் நான்காம் கட்டத்தில் இருந்தனர். சிங்கப்பூரில் 2002ஆம் ஆண்டு தேசிய மார்பகப் பரிசோதனைத் திட்டம் தொடங்கப்பட்டது. 50 முதல் 69 வயது வரையுள்ள பெண்கள் ஈராண்டுக்கு ஒருமுறை மேமோகிராம் எடுத்துக்கொள்ள அது அழைக்கின்றது. அழைப்பு வந்தும் செல்லாத பெண்கள் பலர் உள்ளனர். அச்சம் ஒரு காரணம். வெட்கம் ஒரு காரணம். 'எனக்கு அதெல்லாம் வராது' என்ற நம்பிக்கையும் ஒரு காரணம்.

கொழுப்பின் கூறுகளைப் படமெடுக்கும் எந்தப் பொறியும் மருத்துவமனைக்கு வராத பெண்ணுக்கு உதவாது. மார்பகம் என்ற சொல்லைத் தன் தாயிடம் தயக்கமின்றிச் சொல்லத் தெரிந்த பிள்ளை உதவும். 'மேமோகிராம் எடுத்தீர்களா அம்மா?' என்று கேட்கும் பதினாறு வயது மகனும் மகளும் உதவுவர். அவர்கள் கேட்பதற்குரிய சொற்களைத் தருவது பள்ளியின் பணி. குறிப்பாகத் தமிழாசிரியரின் பணி. அறிவியல் ஆசிரியர் தரும் விளக்கம் ஆங்கிலத்தில் இருக்கும். தாயிடமும் பாட்டியிடமும் அது சென்று சேரவேண்டிய மொழி பல வீடுகளில் தமிழே.

ஆகவே ஆசிரியப் பெருமக்களிடம் ஒரு வேண்டுகோளை முன்வைக்கிறேன். கட்டுரைத் தலைப்புகளிலும் வாய்மொழிப் பயிற்சிகளிலும் உடல்நலத்தைச் சேர்க்கும்போது, பொதுவான அறிவுரைகளோடு நின்றுவிடாதீர்கள். ஒரு நோய், ஒரு சோதனை, ஒரு கண்டுபிடிப்பு என்று குறிப்பான பொருளைக் கொடுங்கள். நீரும் கொழுப்பும் விம்மி ஒலிப்பதைத் தமிழில் விளக்கத் தெரிந்த மாணவருக்கு, தன் பாட்டியின் மருத்துவ அறிக்கையை விளக்குவது கடினமாக இராது.

மாணவர்களே, உங்களுள் ஒருவர் நாளை அந்த மெல்லிய சுரத்தை நீரின் பேரோசையிலிருந்து பிரித்தெடுக்கும் வழியைக் காணக்கூடும். அவ்வழியைக் கண்டபின் அதைத் தமிழிலும் எழுதுங்கள். அதற்கு முன்பாக, இன்று வீட்டுக்குச் சென்றதும் அம்மாவிடம் அந்தக் கேள்வியைக் கேளுங்கள்.